பழைய வியூ கேமராவைச் சீர்செய்து படம் எடுக்கும் முறை

பழைய மரக் கேமரா ஒன்று கைக்கு வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் தேடுவது பித்தளை பாலிஷையும் மர வார்னிஷையும்தான். அவை கடைசியாகச் செய்ய வேண்டிய வேலைகள். பல கேமராக்களுக்கு அவை தேவைப்படுவதே இல்லை. முன்னால் லென்ஸைத் தாங்க ஒரு சட்டம், பின்னால் ஃபிலிமைத் தாங்க ஒரு சட்டம், இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் புகாத துருத்தி, இவ்வளவுதான் வியூ கேமரா. ஆகவே சீர்செய்ய உட்காருபவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் மூன்றே: எங்காவது வெளிச்சம் கசிகிறதா, கிரவுண்ட் கிளாஸும் (படத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்யும் சொரசொரப்பான கண்ணாடி) ஃபிலிமும் ஒரே தளத்தில் அமைகின்றனவா, சட்டங்களைப் பூட்டினால் பூட்டிய இடத்தில் அசையாமல் நிற்கின்றனவா. இம்மூன்றும் சரியாக இருந்தால் மரம் எவ்வளவு மங்கியிருந்தாலும் அந்தக் கேமரா வேலைக்கு ஆகும். ஒன்று தவறினாலும், எவ்வளவு பளபளத்தாலும், அது அலமாரியில் வைக்கத்தான் உதவும்.

வாங்கும் முன்பும் பிரிக்கும் முன்பும்

கேமராவைவிட முதலில் கவனிக்க வேண்டியது அதனுடன் வரும் ஃபிலிம் ஹோல்டர், அதாவது தாள் ஃபிலிமை வெளிச்சம் படாமல் வைத்துக் கேமராவின் பின்னால் செருகும் உறை. 4×5, 5×7, 8×10 அங்குல அளவுகளுக்கான ஹோல்டர்கள் பிற்காலத்தில் ஒரே தரத்துக்கு வந்துவிட்டன. எந்தத் தயாரிப்பாளரின் கேமராவாக இருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும். அதற்கு முந்தைய கண்ணாடித் தகட்டுக் காலத்துக் கேமராக்களின் கதை வேறு. 4¾×6½ அங்குல அரைத்தகடு, 6½×8½ அங்குல முழுத்தகடு, 9×12, 13×18 செ.மீ. போன்ற அளவுகளில் ஒவ்வொரு பட்டறையும் தன் கேமராவுக்கென்று தனியாக ஹோல்டர் செய்தது. அவை தொலைந்துபோயிருந்தால் கேமரா மட்டும் கையில் இருந்து பயனில்லை. அத்தகைய கேமராவை விரும்பி வாங்குபவர், 4×5 ஹோல்டர் ஏற்கும் புதிய பின்பகுதி ஒன்றை மரத்தில் செய்து பொருத்தும் வேலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். தகட்டு ஹோல்டரில் தாள் ஃபிலிமைப் பயன்படுத்த, ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் மெல்லிய உலோக உறையும் தேவைப்படும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை 4×5 தான். ஃபிலிம் கிடைப்பதும் எளிது. தவறுகளின் செலவும் குறைவு. மடிக்கும் மரக் கேமராவானால் தூக்கிச் செல்வது எளிது. ஒற்றைத் தண்டில் ஓடும் மோனோரெயில் கேமராவானால் அசைவுகள் (சட்டங்களை ஏற்றுதல், சாய்த்தல் போன்றவை) தாராளம், ஆனால் எடையும் அதிகம். கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தின் ஸ்பீட் கிராஃபிக் போன்ற பத்திரிகையாளர் கேமராக்களில் அசைவுகள் குறைவு என்றாலும், ஃபிலிமுக்கு முன்னே ஓடும் திரை ஷட்டர் உள்ளேயே இருப்பதால், ஷட்டர் இல்லாத பழைய பித்தளை லென்ஸ்களையும் அவற்றில் பயன்படுத்திவிடலாம். இது சிறிய வசதியன்று.

பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். அது மட்டும் போதாது. ஓர் அட்டையில் கேமராவின் பக்கங்களைக் கோட்டுப்படமாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் அட்டையிலேயே குத்தி வைக்க வேண்டும். பழைய கேமராக்களில் ஒரே மாதிரி தோன்றும் இரு திருகாணிகளின் நீளம் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. நீளமானதை இடம் மாற்றித் திருகினால் மெல்லிய மரப்பலகையின் மறுபக்கம் வெளியே வந்துவிடும். திருப்புளியின் நுனி, ஆணித்தலையின் வெட்டை அகலத்திலும் கனத்திலும் முழுமையாக நிரப்ப வேண்டும். இறுகிய பித்தளைத் திருகாணியின் தலையில் சூடான சால்டரிங் அயர்னைச் சிறிது நேரம் வைத்து எடுத்தால் பழைய மெருகும் பசையும் இளகி, ஆணி பெரும்பாலும் வழிக்கு வரும். மரத்தின் துளை தேய்ந்து ஆணி பிடிக்காமல் சுற்றினால், பெரிய ஆணிக்குப் போகாமல், பசை தடவிய மரக்குச்சியைத் துளையில் அடைத்துக் காயவைத்துப் பழைய ஆணியையே திருக வேண்டும்.

துருத்தி

பழைய கேமராவில் முதலில் சாவது துருத்தி. மடிப்புகளின் மூலைகள்தாம் அதன் பலவீனமான இடங்கள். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் துணியோ தோலோ இரு திசைகளில் வளைவது அங்கேதான்.

சோதிக்கும் முறை இது. இரவில் முழு இருட்டாக்கிய அறையில் துருத்தியை முழு நீளத்துக்கு நீட்டி, லென்ஸ் துளையை மூடிவிட்டு, பின்புறம் வழியாகச் சிறிய எல்.இ.டி. விளக்கை உள்ளே வைத்து, பின்பக்கத்தையும் கருப்புத் துணியால் நன்றாக மூட வேண்டும். கண் இருட்டுக்குப் பழக ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு ஒவ்வொரு மூலையாக, ஒவ்வொரு மடிப்பாக, மேலிருந்தும் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நேராகப் பார்க்கும்போது தெரியாத ஊசித்துளை, தலையைச் சற்றுச் சாய்த்தவுடன் நட்சத்திரம்போல் மின்னும். தெரிந்த இடத்தையெல்லாம் வெள்ளைப் பென்சிலால் குறித்துவிட்டு, துருத்தியைப் பாதி மூடிய நிலையிலும் சட்டங்களைச் சாய்த்த நிலையிலும் மறுபடி பார்க்க வேண்டும்; சில துளைகள் மடிப்பு வளையும்போதுதான் வாய் திறக்கும்.

துளைகள் சிலவே இருந்தால் ஒட்டிச் சமாளிக்கலாம். வளைந்து கொடுக்கும் கருப்புத் துணிச்சாயத்தையோ, மின்வேலைக்குப் பயன்படும் திரவ ரப்பர் பூச்சையோ ஊசி நுனி அளவு எடுத்து, முடிந்தவரை உட்புறத்திலிருந்து, மெல்லியதாக வைத்து, துருத்தி நீண்ட நிலையிலேயே ஒரு நாள் காயவிட வேண்டும். காய்ந்தபின் டால்கம் பவுடரைச் சிறிது தொட்டுத் தடவி, மிச்சத்தை ஊதித் தள்ளிவிட்டால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளா. கிழிசலுக்கு மெல்லிய கருப்புத் துணித்துண்டும் வளையும் பசையும் போதும். மின்கம்பிகளில் சுற்றும் கருப்பு டேப்பை மட்டும் ஒட்டவே கூடாது. அதன் பசை கசிந்து எங்கும் பரவும், அதன் கனம் அடுத்த மடிப்பையும் கெடுக்கும். தோல் செந்நிறப் பொடியாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் அது உள்ளுக்குள் மக்கிவிட்டது என்று பொருள். அதன்மேல் எந்த ஒட்டும் நிற்காது. புதியதுதான் போட வேண்டும்.

புதிய துருத்தியை ஆயத்தமாகச் செய்து தருபவர்களும் உண்டு. வீட்டில் செய்ய விரும்புபவருக்குப் பழைய துருத்தியே மிகச் சிறந்த வரைபடம். அதன் தையல் அல்லது ஒட்டு பொதுவாகக் கீழ்ப்பக்கம் இருக்கும். அந்த ஒட்டோடு வெட்டி, மேசையில் தட்டையாக விரித்து, மடிப்புக் கோடுகளையும் உள்ளே இருக்கும் அட்டைப் பட்டைகளின் வடிவத்தையும் அப்படியே பெரிய தாளில் படி எடுக்க வேண்டும். பொருள்கள் மூன்று: உள்ளே வெளிச்சம் புகாத, பளபளப்பில்லாத கருப்புத் துணி; நடுவே மெல்லிய அட்டைப் பட்டைகள்; வெளியே மெல்லிய தோல் அல்லது பூச்சுத் துணி. பட்டைகளுக்கு நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டினால்தான் மடிப்பு மடியும். வெளித்துணி வாங்கும்போது அழகைவிடக் கனத்தைப் பார்க்க வேண்டும். மூன்று அடுக்கும் சேர்ந்து 1 மி.மீ. கனம் இருந்தால், 20 மடிப்புத் துருத்தி மூடிய நிலையில் குறைந்தது 40 மி.மீ. இடத்தை அடைக்கும், மடிக்கும் கேமராவின் பெட்டி பிறகு மூடாது. பசை முழுவதும் இறுகிக் கெட்டியாவதற்கு முன்பே சிறிய முனையிலிருந்து ஒவ்வொரு மடிப்பாக விரலால் பிடித்து மடித்து, கடைசியில் மொத்தத்தையும் பலகைகளுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றி ஓரிரவு விட வேண்டும். கரைப்பான் கலந்த பசைகளைக் காற்றோட்டமான இடத்தில்தான் கையாள வேண்டும்.

கிரவுண்ட் கிளாஸும் ஃபிலிம் தளமும்

வெளிச்சக் கசிவு முதல் நெகட்டிவிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஃபிலிம் தளப் பிழை அப்படியன்று; ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து, "பழைய லென்ஸ், அவ்வளவு கூர்மை இல்லை" என்ற பழியை லென்ஸின் தலையில் போட்டுவிடும். எஃப்/22-க்கு (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துளை சிறிதாகும்) துளையைக் குறுக்கிப் படம் எடுப்பவருக்கு அரை மில்லிமீட்டர் பிழை தெரியவே தெரியாது, எஃப்/5.6-இல் முழுமையாகத் திறந்து முகப்படம் எடுக்கும் நாளில் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக விழும்.

நியதி எளிது: ஹோல்டரின் முகப்பிலிருந்து ஃபிலிமின் மேற்பரப்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, கிரவுண்ட் கிளாஸ் சட்டத்தின் முகப்பிலிருந்து கண்ணாடியின் சொரசொரப்பான பக்கமும் அதே ஆழத்தில் இருக்க வேண்டும். சொரசொரப்பான பக்கம் எப்போதும் லென்ஸைப் பார்த்தே இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் துடைத்துவிட்டுத் திருப்பிப் போட்டிருப்பது அடிக்கடி காணும் கோளாறு. 4×5 தர ஹோல்டரில் ஃபிலிம் படுக்கும் நடுத்தகட்டின் ஆழம் 0.197 அங்குலம், அதாவது சுமார் 5 மி.மீ.; ஃபிலிமின் கனம் சுமார் 0.18 மி.மீ. என்பதால் கண்ணாடி 4.8 மி.மீ. அளவில் அமைய வேண்டும். நேரான இரும்பு அளவுகோலைச் சட்டத்தின் குறுக்கே வைத்து, வெர்னியர் காலிப்பரின் ஆழக்கம்பியால் நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து, அளவுகோலின் கனத்தைக் கழித்துக்கொள்ளலாம். பழுதான ஃபிலிம் ஒன்றை ஹோல்டரில் ஏற்றி அதையும் இதேபோல் அளந்து ஒப்பிட வேண்டும்.

அளக்கும் கருவி இல்லாதவர் படம் எடுத்தே பார்த்துவிடலாம். ஓர் அளவுகோலைக் கேமராவுக்கு 45 பாகைச் சாய்வில் நிறுத்தி, லென்ஸை முழுமையாகத் திறந்து, நடுவிலுள்ள ஒரு கோட்டில் ஃபோகஸ் செய்து எடுக்க வேண்டும். நெகட்டிவில் அதைவிட அருகிலுள்ள கோடு கூர்மையாக விழுந்தால் ஃபிலிம் கண்ணாடியைவிட லென்ஸிலிருந்து தள்ளி இருக்கிறது. கண்ணாடி உட்காரும் விளிம்பில் தாள் பட்டையோ மெல்லிய பித்தளைத் தகடோ வைத்துக் கண்ணாடியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். தொலைவிலுள்ள கோடு கூர்மையானால் விளிம்பில் யாரோ முன்பு வைத்த பட்டையை எடுக்க வேண்டியிருக்கும்; எதுவும் இல்லையெனில் மரவிளிம்பை மிக மெல்லச் செதுக்க வேண்டும். இரண்டையும் செய்யும் முன் ஃபிரெனெல் தகட்டைப் பார்ப்பது நல்லது. படத்தை வெளிச்சமாக்கும் அந்தப் பிளாஸ்டிக் தகடு கண்ணாடிக்கு நம் பக்கம் இருந்தால் ஃபோகஸ் மாறாது; லென்ஸ் பக்கம் இருந்தால் தன் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஃபோகஸை நகர்த்தும். சில கேமராக்கள் அதைக் கணக்கில் எடுத்தே செய்யப்பட்டவை. அவற்றிலிருந்து தகட்டைக் கழற்றியவர் கேமராவைக் கெடுத்தவராகிறார்.

கண்ணாடி உடைந்திருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அளவுக்கு வெட்டிய 2 மி.மீ. கண்ணாடியின்மேல் 400 அல்லது 600 எண் சிலிக்கான் கார்பைடு பொடியையும் சிறிது நீரையும் இட்டு, உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டொன்றால் எட்டு வடிவில் தேய்த்துக்கொண்டே இருந்தால் அரைமணி நேரத்துக்குள் நல்ல தேய்ப்பு கிடைத்துவிடும். இடையிடையே கழுவிக் காயவைத்துப் பார்த்தால் தேயாத பளபளப்பான திட்டுகள் தெரியும். ஈரத்தில் அவை ஒளிந்துகொள்ளும். விளிம்புகளை முதலிலேயே மழுக்கிவிட வேண்டும். மூலைகளைச் சிறிது வெட்டிவிடுவதும் பயனுள்ளது. ஏன் என்பது பின்னால் வரும்.

லென்ஸும் ஷட்டரும்

பழைய லென்ஸைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. 1892-இல் வெளிவந்த கோர்ஸ் டாகோர், 1902-இல் வெளிவந்த ஸைஸ் டெஸார் ஆகியவற்றின் அமைப்பு அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு வாழ்ந்தது. டாகோரின் ஆறு கண்ணாடிகளும் மும்மூன்றாக ஒட்டப்பட்டிருப்பதால் காற்றைத் தொடும் பரப்புகள் நான்கே. பூச்சு இல்லாமலேயே அது நல்ல தெளிவைத் தருவதன் காரணம் இதுதான்.

சுத்தம் செய்யும்போது முதலில் காற்றை ஊத வேண்டும், பிறகு மென்தூரிகை, அதன்பின்தான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட லென்ஸ் தாள், நடுவிலிருந்து வெளியே சுழற்றியபடி. திரவத்தை நேராக லென்ஸில் சொட்டினால் அது விளிம்புக்கு ஓடி, கருப்புப் பூச்சையும் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பால்சத்தையும் தொடும். பார்வைக்குப் பனிபோல் தெரியும் மங்கல் பெரும்பாலும் உட்பரப்பில் படிந்த எண்ணெய்ப் படலம். லென்ஸின் முன் செல்லையும் பின் செல்லையும் (கண்ணாடிகள் பதித்த இரு பாதிகள்) திருகிக் கழற்றித் துடைத்தால் போய்விடும். நூல்போல் கிளைக்கும் பூஞ்சையும் ஆரம்பத்தில் போய்விடும். நாள்பட்டதானால் கண்ணாடியில் அரிப்புத் தடம் நிற்கும். விளிம்பில் வானவில் நிறத்திலோ வெள்ளையாகவோ தெரியும் திட்டு, பால்சம் விட்டுப்போனதைக் காட்டுகிறது. விளிம்போடு நின்றால் படத்துக்கு ஒன்றும் ஆகாது, விட்டுவிடலாம். தோரியம் கலந்த கண்ணாடி உள்ள கோடக் ஏரோ-எக்டார் போன்ற லென்ஸ்கள் பழுப்பேறியிருக்கும். புற ஊதா ஒளியில் சில நாள் வைத்தால் அந்தப் பழுப்பு வெளுக்கும்.

ஷட்டரில் எண்ணெய் விடக்கூடாது. இதழ்கள் உலர்ந்த நிலையில் ஓடவேண்டியவை. எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டும். பழைய காம்பர் ஷட்டர்களில் மிக உயர்ந்த வேகத்துக்கென ஒரு துணைவில் இருப்பதால், அந்த வேகத்தை, ஷட்டரை ஏற்றுவதற்கு (வில்லை முறுக்கி ஆயத்தமாக்குவதற்கு) முன்பே வைத்துவிட வேண்டும். ஏற்றியபின் வலிந்து திருப்பினால் உள்ளே உடையும். காற்றுக்குழலால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் காம்பவுண்ட் போன்ற ஷட்டர்களில் அந்தக் குழலும் உலர்ந்தே இருக்க வேண்டும். மிகப் பழைய சிலவற்றில் இதழ்கள் உலோகத்தால் ஆனவையல்ல. கரைப்பானில் முக்கினால் வளைந்துபோகும். ஒரு நொடிக்கு வைத்தால் இரண்டு நொடி இழுக்கும் ஷட்டருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது உறைந்த கிரீஸை நீக்கும் சுத்தம்தான். பழகாத கையாக இருந்தால் அறிந்தவரிடம் கொடுப்பதே மேல். அதற்குள் படம் எடுக்க வேண்டுமென்றால், ஷட்டரின் ஒலியைக் கைப்பேசியில் பதிவுசெய்து, திறக்கும் ஒலிக்கும் மூடும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தை அலைவடிவத்தில் அளந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் உண்மையான வேகத்தை எழுதி, லென்ஸ் பதித்த பலகையான லென்ஸ் போர்டின் பின்னால் ஒட்டிவிடலாம். எப்போதும் ஒரே அளவு தாமதிக்கும் ஷட்டர் நல்ல ஷட்டர்தான். ஒவ்வொரு முறையும் ஒரு வேகம் காட்டுவதைத்தான் நம்பக்கூடாது.

1900-ஐ ஒட்டிய அமெரிக்க லென்ஸ்களின் வளையத்தில் 4, 8, 16, 32, 64 என்ற எண்கள் இருந்தால் அவற்றை எஃப் எண்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது யு.எஸ். எனப்படும் பழைய முறை. அதில் 4 என்பது எஃப்/8, 8 என்பது எஃப்/11, 32 என்பது எஃப்/22, 64 என்பது எஃப்/32. 16 மட்டும் இரண்டு முறையிலும் ஒன்றே.

மரமும் உலோகமும்

இங்கே குறைவாகச் செய்வதே நல்லது. உப்புத்தாள் போடக்கூடாது. பழைய மெருகு பெரும்பாலும் ஷெல்லாக் அரக்கு. ஸ்பிரிட் பட்டால் கரையும் என்பதால், மறைவான மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகே எதையும் தொட வேண்டும். சற்று ஈரமான துணியால் துடைத்து, தேன்மெழுகு தடவித் தேய்த்தால் பெரும்பாலான கேமராக்கள் முகம் தெளிந்துவிடும். ஆடும் மூட்டுகளை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. பழைய பசை வஜ்ஜிரமாக (விலங்குத் தோல், எலும்பிலிருந்து செய்யும் தச்சர் பசை) இருந்தால் வெந்நீரில் இளகும். மூட்டைப் பிரித்து, சுத்தம் செய்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மறுபடி வஜ்ஜிரமே போட்டு இறுக்கலாம். மரத்தோடு மரம் வழுக்கும் தடங்களுக்கு எண்ணெய் வேண்டாம், பாரஃபின் மெழுகு போதும். பற்சட்டத்தில் இறுகிய பழைய கிரீஸைப் பல்குத்தியால் எடுத்துவிட்டாலே ஃபோகஸ் திருகு பாதி எளிதாகிவிடும். பித்தளையின்மேல் இருக்கும் லாக்கர் பூச்சும் நிக்கல் முலாமும் பாலிஷ் போடப்போட உரிந்துபோகும். அவற்றை அப்படியே விடுவதே நல்லது.

படம் எடுத்தல்

ஹோல்டரில் ஃபிலிம் ஏற்றுவது முழு இருட்டில் செய்யும் வேலை. பழுதான ஃபிலிமை வைத்து வெளிச்சத்தில் பழகிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஃபிலிமை நெடுக்காகப் பிடித்து, விளிம்பிலுள்ள வெட்டுக்குறிகள் மேல் ஓரத்தின் வலது மூலையில் இருக்குமாறு வைத்தால் ஒளிபடும் பூச்சு நம்மைப் பார்த்திருக்கும். ஃபிலிமின் இரு ஓரங்களும் பள்ளங்களுக்குள் நுழைந்தனவா என்று விரல்நகத்தால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஹோல்டரில் ஃபிலிமை மூடும் இழுதகடான டார்க் ஸ்லைடின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் ஃபிலிம் இன்னும் பயன்படுத்தப்படாதது. கருப்புப் பக்கம் தெரிந்தால் எடுத்தாயிற்று.

கேமராவை நிறுத்தியதும் எல்லா அசைவுகளையும் நடுநிலைக்குக் கொண்டுவந்து, ரசமட்டம் வைத்துச் சமன் செய்ய வேண்டும். கருப்புத் துணிக்குள் தலையை விட்டால் படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும்; சில நாளில் கண் பழகிவிடும், சொல்லப்போனால் தலைகீழாகப் பார்ப்பவருக்குத்தான் சட்டத்தின் ஓரத்தில் உறுத்தும் பொருள்கள் எளிதில் தென்படுகின்றன.

உயர்ந்த கட்டடத்தைப் படம் எடுக்கக் கேமராவை அண்ணாந்து பார்க்கவைத்தால் சுவர்கள் மேலே போகப்போக ஒடுங்கும். கேமராவை மட்டமாகவே வைத்து, லென்ஸ் சட்டத்தை மட்டும் மேலே ஏற்றினால் சுவர்கள் நேராக நிற்கும். எவ்வளவு ஏற்றலாம் என்பதை லென்ஸின் பட வட்டம் (ஃபிலிம் தளத்தில் லென்ஸ் படத்தை விழச்செய்யும் வட்டம்) முடிவுசெய்யும். 4×5 ஃபிலிமின் மூலைவிட்டம் சுமார் 153 மி.மீ., வட்டம் அதைவிட எவ்வளவு பெரியதோ அவ்வளவுதான் இடம். இங்கேதான் வெட்டிய கண்ணாடி மூலைகள் உதவுகின்றன. துளையைக் குறுக்கியபின் அந்த மூலை வழியாக லென்ஸைப் பார்த்தால், துளை முழுமையாகத் தெரிய வேண்டும். ஒருபக்கம் வெட்டுப்பட்டுப் பூனைக்கண்போல் தெரிந்தால் ஃபிலிமின் அந்த மூலை இருளும்.

சாய்வு இதைவிட நுட்பமானது. லென்ஸ் தளமும் ஃபிலிம் தளமும் இணையாக இல்லாதபோது, அவை நீட்டினால் சந்திக்கும் கோட்டின் வழியாகவே கூர்மைத் தளமும் செல்லும் என்பது ஆஸ்திரியரான தியடோர் ஷைம்ஃப்ளூக்கின் பெயரால் வழங்கும் விதி. 1904-இல் அவர் காப்புரிமை பெற்றார். காலடியில் உள்ள புல்லிலிருந்து தொலைமலை வரை ஒரே படத்தில் கூர்மையாக்க முடிவது இதனால்தான். செய்முறை: தொலைவுக்கு ஃபோகஸ் செய்து, லென்ஸை மெல்ல முன்னோக்கிச் சாய்த்து அருகிலுள்ளதைக் கூர்மையாக்க வேண்டும், தொலைவு சற்று விலகியிருக்கும், மறுபடி ஃபோகஸ், இரண்டு மூன்று சுற்றில் இரண்டும் சேர்ந்துவிடும். அருகிலுள்ள தரை கண்ணாடியின் மேல்பகுதியில் தெரியும் என்பதை மறக்கக்கூடாது. புதியவர்கள் எப்போதும் அளவுக்கு மீறிச் சாய்க்கிறார்கள். லென்ஸின் குவியத்தூரத்தைத் தரையிலிருந்து லென்ஸின் உயரத்தால் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் சைன் கிடைக்கும்: 150 மி.மீ. லென்ஸ், 1.5 மீட்டர் உயரம் என்றால் 0.1, அதாவது 6 பாகைக்கும் சற்றுக் குறைவு. கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு அது. அந்தத் தரையின் நடுவே உயரமான மரம் ஒன்று நின்றால் அதன் உச்சி மங்கிவிடும். அத்தகைய காட்சிக்குச் சாய்வை விட்டுவிட்டுத் துளையைக் குறுக்குவதே சரி.

துளைக்கு 4×5-இல் எஃப்/22 நல்ல தொடக்கம். 1932-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் சேர்ந்த குழுவின் பெயரே எஃப்/64 என்றாலும், 8×10 நெகட்டிவைப் பெரிதாக்காமல் அதே அளவில் பிரிண்ட் போடுபவருக்கே அது முழுமையாகப் பொருந்தும். 4×5-ஐப் பெரிதாக்குபவருக்கு அந்தத் துளையில் விளிம்பு விளைவு (சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது) கூர்மையைச் சற்றுக் குறைக்கும்.

ஒளி அளவில் இரண்டு திருத்தங்களை மறக்கக்கூடாது. அருகிலுள்ள பொருளுக்காகத் துருத்தியை நீட்டினால் ஒளி குறையும். நீட்டத்தை (லென்ஸிலிருந்து ஃபிலிம் வரையிலான தூரம்) குவியத்தூரத்தால் வகுத்து வர்க்கமாக்கினால் எத்தனை மடங்கு கூட்ட வேண்டும் என்பது வரும். 150 மி.மீ. லென்ஸை 210 மி.மீ. நீட்டினால் ஏறத்தாழ 2 மடங்கு, 300 மி.மீ. நீட்டினால் 4 மடங்கு. அடுத்தது நெடுநேர ஒளியேற்றம்: ஒரு நொடிக்கு மேல் போனால் ஃபிலிம் சோம்பும். இல்ஃபோர்ட் ஹெச்.பி.5 பிளஸ் ஃபிலிமில் ஒளிமீட்டர் 10 நொடி காட்டினால் சுமார் 20 நொடி கொடுக்க வேண்டியிருக்கும்.

ஃபோகஸ் முடிந்ததும் திருகுகளைப் பூட்டி, உருப்பெருக்கியால் மறுபடி பார்த்து, ஷட்டரை மூடி, துளையைக் குறுக்கி, வேகத்தை வைத்து, ஏற்றி, ஒருமுறை வெறுமனே இயக்கிப் பார்த்து, மீண்டும் ஏற்றிவிட்டுத்தான் ஹோல்டரை நுழைக்க வேண்டும். ஹோல்டரின் எடையால் பின்சட்டம் சற்று அசையும். சில நொடி பொறுக்க வேண்டும். டார்க் ஸ்லைடை நேராக, ஒரே சீராக இழுத்து, ஷட்டரைக் கையால் தொடாமல் இயக்கும் கம்பியான கேபிள் ரிலீஸைச் சுருள் தளர்ந்த நிலையில் அழுத்தி, ஸ்லைடைக் கருப்புப் பக்கம் வெளியே தெரிய உடனே திருப்பிச் செருக வேண்டும். இந்த வரிசையை எப்போதும் மாற்றாமல் கடைப்பிடிப்பதுதான் மூடாத ஷட்டருடன் ஸ்லைடை இழுக்கும் விபத்துக்கு ஒரே மருந்து.

சீர்செய்த கேமராவின் முதல் சோதனைக்கு ஃபிலிமே தேவையில்லை. கருப்பு-வெள்ளை பிரிண்ட் தாளை அளவாக வெட்டி ஹோல்டரில் வைக்கலாம். சிவப்பு விளக்கிலேயே ஏற்றிக் கழுவிவிடலாம். அதன் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்துக்கொண்டால், நல்ல வெயிலில் எஃப்/32-இல் அரை நொடிக்கு மேல் வரும். லென்ஸ் மூடியையே ஷட்டராகப் பயன்படுத்தும் அளவுக்கு நிதானமான நேரம். அதன்பின் ஒரு ஃபிலிமைச் செலவழித்துக் கசிவுச் சோதனை: ஷட்டரை மூடியபடி டார்க் ஸ்லைடை இழுத்துவிட்டு, வெயிலில் கேமராவை எல்லாப் பக்கமும் திருப்பி ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிப் பார்க்க வேண்டும்.

கோளாறு இருந்தால் நெகட்டிவே இடத்தைச் சொல்லும். ஸ்லைடு நுழையும் ஓரத்திலிருந்து கீற்றாகத் தொடங்கும் கருமை, ஹோல்டரின் வாயிலுள்ள வெல்வெட் தேய்ந்ததால் வருவது. ஒரு ஹோல்டரில் மட்டும் வந்தால் அந்த ஹோல்டரை ஒதுக்கிவிடலாம். அதற்காகவே ஒவ்வொன்றுக்கும் எண் இட்டுவைக்க வேண்டும். எல்லா ஹோல்டரிலும் ஒரே இடத்தில் மென்மையான திட்டு விழுந்தால் துருத்தியோ லென்ஸ் போர்டின் விளிம்போ கசிகிறது. கசிவுச் சோதனையில் சுத்தமாக வந்து, காட்சியை எடுக்கும்போது மட்டும் படம் முழுவதும் மெல்லிய திரை படிந்தால் லென்ஸின் மங்கலையோ துருத்தியின் உட்புறப் பளபளப்பையோ சந்தேகிக்க வேண்டும். ஒரு பாதி கூர்மையாகவும் மறுபாதி மங்கலாகவும் இருந்தால் ஃபிலிமின் ஓரம் பள்ளத்துக்குள் நுழையவில்லை, அல்லது சட்டங்கள் இணையாக இல்லை. நெகட்டிவில் கண்ணாடிபோல் தெளிந்த சிறு புள்ளிகள் தூசி விழுந்த இடங்கள். பிரிண்டில் அவை கருப்பாக வரும். துருத்தியின் உட்புறத்தையும் ஹோல்டர்களின் பள்ளங்களையும் மென்தூரிகை பொருத்திய வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்து, ஹோல்டர்களை மூடிய பைகளில் வைத்தால் இவை பெருமளவு குறையும்.